மட்டை பிடித்த கை

போட்ட திட்டம் பாழானால் இலங்கை ஆங்கிலத்தில் 'கோன் ஃபோர் எ சிக்ஸ்' என்பார்கள். கிரிக்கெட் தந்த கொச்சை. ஆறு ஓட்டம் அடித்தவனுக்குக் கொண்டாட்டம். இத்தொடரோ பந்து வீசியவன் பக்கம் நின்று பேசுகிறது.

'பரேட்' பெரட்டாகவும் 'லைன்' லயமாகவும் துரைமார் வழியே தோட்டத் தமிழுக்கு வந்தவை. இது மைதானத்து வரவு. கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் நோர்வூட் இளைஞர் ஒருவர், முதலாளி லீவு தராததால், "தீபாவளிப் பயணம் கோன் ஃபோர் எ சிக்ஸ்" என்றார் என்னிடம். 'மண்ணாய்ப் போச்சு' என்று சொல்லியிருக்கலாமே எனத் தோன்றிற்று. ஆனால் மண்ணாய்ப் போவதற்கு ஆள் வேண்டியதில்லை. பழி விதியோடு போய்விடும். சிக்ஸருக்கு மட்டை பிடித்த கை ஒன்று வேண்டும். அது யாருடைய கை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.