கண்ணாடிக்குள் ஒரு கடல் - 9: சுண்ணாம்பு பிடித்த மோட்டார்

இரவு இரண்டு மணி இருக்கும். வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றி விழித்துக்கொண்டேன். மூன்று வருடமாகக் காதுக்குப் பழகிப்போன அந்த மெல்லிய ரீங்காரம் இல்லை. ஹாலுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பவளத் தொட்டியின் நீர்ப்பரப்பு அசையாமல் கிடந்தது. க்ளவுன் மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கரண்ட் இருந்தது. ப்ளக்கும் சரியாகத்தான் இருந்தது. மோட்டார்தான் நின்றுபோயிருந்தது.

கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. சுற்ற வேண்டிய இம்பெல்லர், கல்லில் பதித்ததுபோல இறுகிக் கிடந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் கைவசம் இருந்ததால் விடியும்வரை சமாளித்தேன். மோட்டாரில் குறை இல்லை. ஏழு மாதமாக அதைக் கழுவாமல் விட்டது நான்தான்.

ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) பூஜ்யமாக இருக்க வேண்டும், உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்க வேண்டும், வெப்பம் 25, 26 டிகிரியைத் தாண்டக் கூடாது, அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாற நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் இதுவரை பார்த்தோம். இத்தனையும் சரியாகச் செய்த தொட்டிகூட ஓர் இரவில் போய்விடும், தண்ணீர் ஓடாவிட்டால்.

ஓடும் நீரே உயிர்

மீனுக்கு மூச்சு முட்டினால் நீந்தி மேலே வரும். பவளம் எங்கே போகும்? ஒட்டிய இடத்தில்தான் அதன் வாழ்வு. ஆக்சிஜனும் இரையும் அதைத் தேடி வர வேண்டும், கழிவை நீர் அடித்துக்கொண்டு போக வேண்டும். பகலில் பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஆக்சிஜனை உண்டாக்கும். விளக்கு அணைந்தபின் மீன், பவளம், பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுக்க மட்டுமே செய்யும். அதனால்தான் இரவில் நிற்கும் மோட்டார் பகலில் நிற்பதைவிட ஆபத்தானது.

1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் தன் தொட்டிகளில் பவளத்தை வாழவைத்து உலகை வியக்கவைத்தார். பெரிய ஃபில்டர் எதுவும் அவரிடம் கிடையாது. கடலிலிருந்து எடுத்துவந்த, பாக்டீரியா குடியிருக்கும் உயிர்க்கல்லும் காற்றுக்குமிழி கிளப்பிய நீரோட்டமும்தான் அவருடைய முறை. பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதோடு வலுவான விளக்கையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். இன்றைக்கு நம் வீட்டுத் தொட்டி அந்த வழியில் வந்ததுதான்.

மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு, தொட்டியின் கொள்ளளவைப்போல மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு தண்ணீர் சுழல வேண்டும். 300 லிட்டர் தொட்டி என்றால் 3,000 முதல் 6,000 லிட்டர். டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து மோட்டார் வாங்குகிறோம். ஆனால் அந்த அளவு, கழுவிய மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தொட்டியிலும் அதை 400-450 அளவில் வைக்கிறோம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடு ஏறினால் நீரைவிட்டுப் பிரிந்து படியும். போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான் இதுவும். ஓடும் மோட்டாரின் உள்ளே சூடு அதிகம். அதனால் சுண்ணாம்பு முதலில் அங்கேதான் உட்காரும். வெளிக்கூட்டில் ஊதா நிறத்தில் கோரலைன் பாசி ஏறும். உறிஞ்சும் வாயில் குழாய்ப்புழுக்கள் வீடு கட்டும்.

பவளம் தன் கூட்டைக் கட்டுவதும் இதே சுண்ணாம்பால்தான். பவளத்துக்கு உகந்த தண்ணீர், மோட்டாரை அடைக்கவும் உகந்த தண்ணீர். ஆகவே அடைப்பைக் கண்டு, தொட்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கழுவும் நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறை

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. தொட்டிக்குக் கீழே சம்ப் என்ற துணைத்தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே வடியும். அதைத் தாங்கும் இடம் சம்பில் இருக்க வேண்டும். திரும்பு குழாயில் காற்று புகுவதற்காகப் போட்ட துளையைப் பாசி அடைத்திருந்தால், தண்ணீர் தரைக்கு வந்துவிடும்.

ஒரு பக்கெட்டில் வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி எடுங்கள். சிட்ரிக் ஆசிட் என்றால் லிட்டருக்கு இரண்டு மூன்று மேஜைக்கரண்டி. மோட்டாரை அதில் மூழ்கவைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரியுங்கள். முன்மூடியைத் திருகினால் இம்பெல்லர் காந்தத்தோடு வெளியே வரும். நடுவிலுள்ள செராமிக் தண்டு பென்சில் முனைபோல உடையக்கூடியது. நெம்பாமல் நேராக இழுங்கள்.

அன்று காலை அப்படித்தான் அந்த இம்பெல்லரை வினிகரில் போட்டேன். முதலில் ஊசிமுனை அளவில் குமிழிகள் எழுந்தன. ஒரு நிமிடத்தில் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலச் சீறி நுரைத்தது. சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் சத்தம் அது. அரை மணியில் குமிழி அடங்கியது. பழைய டூத் பிரஷால் காந்தம் உட்காரும் குழியைத் தேய்த்தபோது, சாம்பல் நிற வண்டலோடு ஓர் ஓடு பெயர்ந்து வந்தது. நகத்தளவுதான் இருக்கும். ஒரு மோட்டாரை நிறுத்த அவ்வளவு போதும்.

நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். சோப்பு கூடவே கூடாது. வினிகர் பட்ட இடத்தில் பிளீச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மனிதருக்கே நஞ்சு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். இரண்டு மோட்டார் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் எடுக்காதீர்கள், ஒன்று ஓடட்டும். ஸ்கிம்மரின் கழுத்தில் ஒட்டும் பழுப்புப் பசையை வாரம் ஒருமுறை துடைத்தால்தான் நுரை மேலே ஏறும். அதன் காற்றுக்குழாயில் உப்பு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீர் ஊற்றினாலே கரைந்துவிடும். பாக்டீரியா குடியிருக்கும் பஞ்சையும் செராமிக் வளையங்களையும் மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பவளம் போன்ற சோயாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லையோ கருவியையோ கொதிநீரில் போட்டால், ஆவியோடு அந்த நஞ்சு மூச்சில் ஏறும். அப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைத் தேய்க்காதீர்கள்.

உள்ளங்கையில் ஓர் ஓடு

பெயர்ந்து வந்த ஓட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதே சுண்ணாம்புக்காகத்தான் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். உருண்டைக் கல் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு கடப்பாரை அடியில் போவது ஒரு மனிதரின் ஆயுளுக்கும் மேற்பட்ட வளர்ச்சி. 1986-ல் அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவானது. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. என் தொட்டியில் மென்பவளங்கள் மட்டுமே இருப்பது அதனால்தான். யாராவது நம் கடலிலிருந்து எடுத்த கல் பவளம் என்று நீட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

தொட்டிக்குள் வந்துவிட்ட உயிருக்கு அலையும் நாம்தான், கடலும் நாம்தான். கடைசியாக மோட்டாரைக் கழுவிய தேதி நினைவில்லை என்றால், வரும் ஞாயிறு காலையே பக்கெட்டை எடுத்துவிடுங்கள். கழுவிய தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

(தொடரும்)