பந்தின் வயிற்றுக்குள் ஒரு ரகசியம்

இரண்டு பந்துகள். எடை ஒன்றே, பருமன் ஒன்றே, மேலோடும் ஒன்றே. ஒரே மாதிரி சுழற்றி உருட்டினாலும், ஒன்று சற்றே வளைகிறது. மற்றொன்று வெகுவாக வளைந்து கட்டைகளைச் சாய்க்கிறது! ஏன்?

பௌலிங் ஆட்டத்தில் 60 அடி தொலைவில் நிற்கும் 10 கட்டைகளைப் பந்து உருட்டி வீழ்த்த வேண்டும். பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. மேலே பிளாஸ்டிக் ஓடு. உள்ளே கனமான கரு. ரகசியம் அந்தக் கருவில்தான்!

ஓர் உலக்கையைத் தரையில் உருட்டுவது எளிது. அதையே நடுவில் பிடித்துச் சிலம்பம்போல் சுழற்றிப் பாருங்கள், கை வலிக்கும். எடை மாறவில்லை, அச்சுதான் மாறியது. அச்சை விட்டு எடை விலகியிருந்தால் சுழற்றுவது கடினம். இதை 'நிலைமத் திருப்புத்திறன்' என்பர்.

நீண்ட கருவுள்ள பந்தும் அப்படியே. அச்சுக்கு அச்சு இத்திறன் மாறுபடுவதால், உருளும்போதே அதன் சுழல் அச்சு மெல்ல இடம் பெயர்கிறது.

அதனால் என்ன லாபம்? ஆட்டத்தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். கரு உருண்டையானால், எண்ணெய் படிந்த அதே வட்டமே திரும்பத் திரும்பத் தரையைத் தொடும். அச்சு பெயர்ந்தாலோ, சுற்றுக்குச் சுற்று எண்ணெய் படாத புதுப் பரப்பு தரையைத் தொடும். எண்ணெயில்லாக் கடைசிப் பகுதியில் உராய்வு பந்தை இறுகப் பற்றி வளைக்கும்.

ஆகவே மாணவர்களே, எடை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்; எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்!