உங்கள் டூரிங் பைக்கில் ஆல்டர்னேட்டர் பெல்ட் இருக்கா? பழைய பிஎம்டபிள்யூ வாங்கும் முன் இதைப் படிங்க

சனிக்கிழமை விடியற்காலை. பெங்களூரிலிருந்து கிளம்பி ஓசூரைத் தாண்டியாச்சு. திடீரென்று மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறது. ஆனால் இன்ஜின் வழக்கம்போல ஓடுகிறது. 'அடுத்த டீக்கடையில் பாத்துக்கலாம்' என்று போகிறீர்கள். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் அந்த விளக்கின் அர்த்தம். ஓட்டியது பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆல்டர்னேட்டர் பெல்ட்டை.

என் வண்டியிலும் இருக்கா?

பெரும்பாலும் இருக்காது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கேடிஎம் 390 அட்வெஞ்சர், ஓசூர் டிவிஎஸ் ஆலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் எதிலும் கிடையாது. இவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலேயே காந்தம் சுழலும். மெக்கானிக் 'மேக்னெட் காயில்' என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். இந்த வண்டிகளுக்கான பில்லில் 'ஆல்டர்னேட்டர் பெல்ட்' என்று ஒரு வரி இருந்தால், தயங்காமல் கேள்வி கேளுங்கள். (ஸ்கூட்டரில் மாற்றும் பெல்ட் வேறு. அது சக்கரத்தைச் சுற்றுவது.)

ஆர் 1100 ஆர்டி, ஆர் 1150 ஆர்டி, ஆர் 1200 ஜிஎஸ் போன்ற பாக்ஸர்களில் காரில் இருப்பதுபோல ஆல்டர்னேட்டர் தனியாக, இன்ஜினின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றுவது வரிவரியான ஒரு ரப்பர் பெல்ட். 2013-ல் தண்ணீரால் குளிரும் பாக்ஸர் வந்தபோது இந்த பெல்ட் விடைபெற்றது.

அறுந்தால் எவ்வளவு நேரம் ஓடும்?

ஒரு சின்னக் கணக்கு. பேட்டரி 19 ஆம்பியர்-அவர். ஹெட்லைட், ஃபியூயல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 15 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 76 நிமிடம். பேட்டரி பழசு என்றால் இதில் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது இன்ஜின் நிற்பது இல்லை, பிரேக்தான். இன்டெக்ரல் ஏபிஎஸ் உள்ள ஆர் 1150 ஆர்டியில் பிரேக்குக்கு பலம் கொடுப்பது மின்மோட்டார். மின்சாரம் போனால் பிரேக் முழுசாகப் போய்விடாது. ஆனால் லிவரை வழக்கத்தைவிடப் பல மடங்கு அழுத்தணும். பழக்கமில்லாத கைக்கு, லாரிக்குப் பின்னால், அது ரொம்பத் தாமதமாகத்தான் புரியும். அதனால் விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள்.

எப்ப மாத்தணும்?

பராமரிப்பு அட்டவணைப்படி 60,000 கி.மீ. ஆனால் 2003 மாடல் வண்டி 30,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் ஏமாறாதீர்கள். ரப்பருக்கு வருஷமும் கணக்கு. வரிகளுக்கு நடுவே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவது, கவருக்குள் கறுப்புத் தூள் இதெல்லாம் அறிகுறிகள். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது எப்படி?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஆர்டியில் ஃபேரிங்கைப் பிரிக்கவே நேரம் போகும். இன்ஜினின் முன்கவரை எடுத்தால் பெல்ட் தெரியும். 1100, 1150 மாடல்களில் ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பெல்ட் கழன்றுவிடும். புதுசை மாட்டும்போது ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்காரணும். ஒரு வரி தள்ளி மாட்டினால் பெல்ட் சீக்கிரமே கிழிந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சில சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். இறுக்கம் அதிகமானால் ஆல்டர்னேட்டர் பேரிங் போகும். குறைந்தால் பெல்ட் வழுக்கிக் கத்தும். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைப்பதுதான் சரி. 'கை அனுபவம்' இங்கே வேண்டாம்.

2004-க்குப் பிறகு வந்த 1200 மாடல்களில் இறுக்கும் வசதியே இல்லை. அவற்றுக்கு வருவது இழுபடும் வகை பெல்ட். இன்ஜினைச் சுற்றிக்கொண்டே புல்லியில் ஏற்றணும்.

ஜே.சி. ரோட்டில் 'அதே மாதிரிதான் சார்' என்று ஒரு கார் பெல்ட்டை நீட்டலாம். பெல்ட்டின் முதுகில் 4பிகே என்று இருந்தால் நான்கு வரி. பின்னால் வரும் எண் மில்லிமீட்டரில் நீளம். எண் பொருந்தினாலும், இழுபடும் வகைக்குப் பதில் சாதாரண பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். இன்ஜினை கொஞ்சம் ரெய்ஸ் செய்தால் 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் காட்டணும். இந்தச் சோதனை ஹிமாலயனுக்கும் பொருந்தும். காட்டவில்லையென்றால், அங்கே பெல்ட்டைத் தேடாமல் ரெக்டிஃபையரையும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.