வினாடிக்கு எட்டுப் படம்

1963 ஜனவரி 1 அன்று ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் ‘தெத்சுவான் ஆட்டம்’ என்ற அசைபடத் தொடர் தொடங்கியது. அமெரிக்கா அதை ‘அஸ்ட்ரோ பாய்’ என்று அறிந்தது. வாரம் ஒன்று, அரை மணி நேரம். படைத்தவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படிக்கும்போதே மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளை வரையத் தொடங்கியவர். டிஸ்னியின் ‘பேம்பி’யைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். ஜப்பானிய முத்திரை என்று நாம் நினைக்கும் மங்காப் பாத்திரங்களின் பெரிய கண்களில் அமெரிக்கச் சாயலும் உண்டு.

டிஸ்னியின் வேலைமுறை மட்டும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. படச்சுருளில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். டிஸ்னி ஓவியர்கள் அதற்கு 12 முதல் 24 படங்கள்வரை வரைந்தார்கள். தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன், ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி வைத்தது. எட்டுப் படம் போதும்! பேசும்போது வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சி பத்திரமாகக் காத்திருந்து, இன்னொரு வாரம் மறுபடி பறக்கும்.

சிக்கனம் அவருடைய கண்டுபிடிப்பல்ல. ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ (1960) எடுத்த ஹன்னா-பார்பெராவும் செலவைச் சுருக்கியவர்கள்தான். ஆனால் அசைவு குறைந்த இடத்தை அவர்கள் பெரும்பாலும் பேச்சாலும் நகைச்சுவையாலும் நிரப்பினார்கள். தெசுகாவுக்கு மங்கா கைகொடுத்தது: உறைந்து நிற்கும் முகம், வேகத்தைக் காட்டும் கோடுகள், திடீரென நெருங்கும் கண். ஏழ்மையில் பிறந்த இந்த உத்திகளே பின்னாளில் ஜப்பானிய அசைபடமான அனிமேயின் அழகாயின.