செம்பனைக் குலையும் வகுப்பறைத் திரையும்

மலேசியக் கல்வியமைச்சு, அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்முடன் இணைந்து 1972 ஜூன் 19 அன்று தொடங்கிய 'டிவி பெண்டிடிக்கான்' எனும் கல்வித் தொலைக்காட்சி, பாடவேளையிலேயே வகுப்பறைக்குள் படம் காட்டும் ஏற்பாடாக அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் தொடங்கி, ஓர் எலிச் சித்திரத்தைச் சின்னமாகக் கொண்டு இன்றுவரை தொடரும் குழந்தைகள் நிகழ்ச்சி, பாடத்திட்டம் எதற்கும் கட்டுப்படாமல், வீட்டுப் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஆலைக்குள் புகுந்து காட்டியது. பாடநூலைத் திரையில் ஒப்பிப்பதற்கும் பொருளைத் திறந்து காட்டுவதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அவ்வாறு திறந்து காட்டத்தக்க பொருளுக்குச் செம்பனையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. குளுவாங்கிலோ கூலாயிலோ வளரும் பிள்ளை, செந்நிறக் குலைகள் ஏற்றிய லாரிகளை நாள்தோறும் காண்கிறது. ஆனால் அவை ஏன் அத்தனை விரைவாக ஆலைக்குப் போக வேண்டும் என்பதைப் பார்வையால் மட்டும் அறிய இயலாது. பழம் அடிபட்டவுடன், அதிலுள்ள லிபேஸ் எனும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுவதால் எண்ணெயின் தரம் கெடத் தொடங்குகிறது. ஆகவே ஆலையில் குலைகளை முதலில் மூடிய கலனுக்குள் அடைத்து அழுத்தமான நீராவியில் வேகவைக்கிறார்கள். அந்த வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்வதோடு காம்பையும் தளர்த்திவிடுவதால், அடுத்துச் சுழலும் உருளையில் பழங்கள் எளிதாக உதிர்ந்து, பிழியும் பொறிக்குச் செல்கின்றன. இரும்புக் கலனுக்குள் நிகழ்வதை ஆலைக்கு நேரில் சென்றாலும் காண முடியாது. வெட்டுமுகச் சித்திரமும் இயங்குபடமுமே அதைக் காட்ட வல்லவை என்பதால், தொலைக்காட்சி ஆசிரியருக்கு மாற்றாக அல்லாமல் அவருடைய இரண்டாவது கண்ணாக இங்கே பயன்படுகிறது.

ஆனால் அந்தக் கண் எல்லாப் பள்ளிகளிலும் ஒரேபோல் திறக்கவில்லை. எழுபதுகளில் பல தோட்டங்களில் தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே இயங்கியது, கல்வி ஒளிபரப்போ பகலில் வந்தது. மின்சாரம் இருந்த இடத்திலும் பாட அட்டவணை ஒளிபரப்பு நேரத்துக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் தவறினாலும் நழுவிய காட்சியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மலாயில் அமைந்தன. ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தமிழிலும், 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்பட்டதால், திரையின் மொழிக்கும் வகுப்பின் மொழிக்கும் இடையே நின்று பெயர்த்துச் சொல்லும் வேலை ஆசிரியர் தலையில் விழுந்தது.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஏற்பாடு புத்துயிர் பெற்றது. ஜொகூரின் பாகோ தொகுதி உறுப்பினரும் அப்போதைய பிரதமருமான முகிதீன் யாசின், 2021 பிப்ரவரி 17 அன்று 'டிடெக் டிவி' எனும் முழுநேரக் கல்வி அலைவரிசையைத் தொடக்கிவைத்தார். என்டிவி7 அலைவரிசை அதற்கு இடமளித்தது. பழைய வகை அலைபரப்பு 2019இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், மின்னிலக்க வசதியுள்ள தொலைக்காட்சியோ தனிப்பெட்டியோ சந்தாவோ இல்லாத வீட்டுக்கு அலைவழி ஒளிபரப்பு எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இணையத்தின் வழியே இன்று ஜொகூர் வகுப்பறைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. மொழி தமிழே என்றாலும் சொற்கள் சில வேறுபடுகின்றன. அங்கே 'எண்ணெய்ப்பனை' எனப்படும் மரத்தை மலேசியத் தமிழர் செம்பனை என்பர். ஒளிபரப்பு பதிவாக மாறிவிட்டதனால், 'எண்ணெய்ப்பனை' எனும் சொல் வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, சாலையில் லாரி ஏறிப் போகும் குலை அதுதான் என்று ஆசிரியர் சொல்ல இப்போது முடிகிறது.