வீட்டுப் பட்டறைக்குப் பெரிய கம்ப்ரசர்: வாங்குமுன் அறிய வேண்டுவன

கொல்லன் துருத்தி ஊதிய நாள் முதலாகவே, காற்றை அடைத்து வேலை வாங்கும் வித்தை நம் மக்களுக்குப் புதிதன்று. தோல்பைக்குள் புகுந்த காற்றைக் கை அழுத்த, அது குறுகிய வாய் வழியே பாய்ந்து கரியைக் கனலாக்கிற்று. துருத்தி செய்த வேலையையே பன்மடங்கு வேகத்தில் செய்வது காற்றழுத்த இயந்திரம். கொங்கு நாட்டுக் குடியானவர் பலருக்கு, ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் காற்றைச் செலுத்தி நீரை மேலே தள்ளும் கருவியாகவே ‘கம்ப்ரசர்’ என்ற சொல் அறிமுகமாயிற்று. இப்போதோ அது வீட்டை ஒட்டிய பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. விசைத்தறியில் படியும் பஞ்சுத் தூசியை ஊதுவதற்கும், டிராக்டர் சக்கரத்திற்குக் காற்றடைப்பதற்கும், கலப்பைக்கும் தெளிப்பானுக்கும் வண்ணம் பூசுவதற்கும் அது பயன்படுகிறது.

சிறிய கருவியில் தொடங்கியவர்கள், தறிகள் நான்கு எட்டாகும்போது பெரியதொன்றை நாடுகிறார்கள். அதை வாங்குவது ஒரு நாள் வேலை. ஆனால் வாங்கிய பின் அதன் இரும்புத் தொட்டி பல ஆண்டுகள் நம் குடும்பத்தின் அருகிலேயே இருக்கப் போகிறது. குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கும் அதற்கும் இடையே ஒரு சுவரே இருக்கலாம். ஆகவே விலையைப் பற்றி மட்டுமன்றி, அதனை எங்கே, எப்படி வைத்துக் காப்பது என்பதைப் பற்றியும் நம் அங்கத்தினர்கள் முன்கூட்டியே தெளிவு பெறுதல் அவசியம்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது, “தொட்டி எத்தனை லிட்டர்?” என்பதே. இது கிணற்றை விட்டுவிட்டு நீர்த்தொட்டியை அளப்பது போலாகும். கிணற்றில் ஊற்று எவ்வளவோ அவ்வளவுதான் பாசனம். தொட்டி பெரிதாயிருப்பதால் ஊற்று பெருகிவிடாது. கம்ப்ரசரில் ஊற்றுப் போன்றது, அது நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்றை அழுத்தித் தரும் என்பதே. மின்விசையின் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கன அடி வரை எதிர்பார்க்கலாம். 5 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 16 கன அடி தருமென்று கொள்வோம்.

இனித் தேவையைக் கணக்கிடுவோம். தூசி ஊதும் குழல் ஒன்றுக்கு, அதன் வாய்த்துளையைப் பொறுத்து, நிமிடத்திற்கு 5 முதல் 10 கன அடி வரை காற்று வேண்டும். ஒன்றுக்கு 6 கன அடி வீதம் இரு குழல்கள் ஒரே நேரத்தில் இயங்குமானால் 12 கன அடி ஆகும். கசிவுக்கும் பிற்கால வளர்ச்சிக்குமாகக் கால் பங்கு கூட்டினால் 15. அப்படியானால் 5 குதிரைத்திறன் போதும். அதற்கு மேல் வாங்குவது கடனுக்கு வட்டி கட்டுவதற்கே உதவும். உருளைக்குள் தண்டு ஏறி இறங்கும் வகை இயந்திரம் இடையிடையே ஓய்வெடுத்து இயங்க வேண்டியது என்பதும் நினைவிலிருக்கட்டும். அது நாள் முழுதும் ஓயாமல் ஓடினால், தேவைக்குச் சிறியதாக வாங்கிவிட்டோம் என்றோ, எங்கோ காற்று கசிகிறதென்றோ பொருள்.

தொட்டிக்குள் இருக்கும் வலிமை

வெப்பநிலை மாறாதிருக்கையில், காற்றின் கன அளவைப் பாதியாக்கினால் அதன் அழுத்தம் இருமடங்காகும். 1662ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. இப்படி அழுத்திய காற்றுக்கு எத்தகைய வலிமை உண்டென்பதற்குப் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கமே சான்று. 1871இல் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தின் கடும் பாறைகளைக் குடைந்தவை அழுத்தக் காற்றால் இயங்கிய துளைக்கருவிகள்.

அந்த வலிமை நம் கொட்டகைத் தொட்டிக்குள்ளும் இருக்கிறது. 300 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் என்போம். அழுத்தமானி 8 கிலோவைக் காட்டுகிறதென்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் 8 கிலோ பாரம் அழுத்துகிறது என்பது பொருள். தொட்டியின் ஒரு பக்க மூடியின் மீது மட்டும் 15 டன்னுக்கு மேற்பட்ட விசை தாக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டி வெடிக்குமானால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையைச் சுமார் 20 மீட்டர் உயரத்திற்குத் தூக்கவல்லது. சுவரும் கூரையும் அதற்குத் தடையாகா.

எனவே பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தொட்டியையோ, வேறொன்றுக்காகச் செய்த உருளையையோ பற்றவைத்துப் பொருத்தும் யோசனையை அடியோடு கைவிட வேண்டும். தொட்டியின் மீது அது செய்யப்பட்ட ஆண்டு, தாங்கக்கூடிய அழுத்தம், சோதித்த அழுத்தம் ஆகியவை பொறித்த தகடு இருத்தல் வேண்டும். தகடு இல்லாத தொட்டிக்கு எந்த விலையும் அதிகமே.

வைக்கும் இடம்

இயந்திரத்தைத் தறிக்கொட்டகைக்குள் வைக்கலாகாது. பஞ்சு பறக்கும் இடத்தில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். அன்றியும், அழுத்தப்படும் காற்று சூடேறுகிறது. உருளையிலிருந்து வெளிவரும் குழாய் 150 பாகை செல்சியசையும் தாண்டிக் கொதிக்கக்கூடும். எண்ணெய் படிந்த பஞ்சு அதன்மேல் படிந்தால் தீ மூள வழியாகும். கொட்டகையின் வெளிப்புறத்தில், வெயிலும் மழையும் படாத தாழ்வாரம் ஒன்றை இறக்கி, நாற்புறமும் காற்றோட்டம் இருக்குமாறு வைப்பதே நல்லது. உள்ளே இழுக்கும் காற்று 3 அல்லது 4 பாகை குளிர்ந்திருந்தால் மின்செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஓர் ஆள் நின்று பழுதுபார்க்கும் அளவு இடைவெளியும் விடவேண்டும்.

தளம் சமமாக இருக்க வேண்டும். கால்களின் கீழ் தடித்த ரப்பர் அட்டை இடுவது நன்று. மேடுபள்ளமான தளத்தில் தொட்டியின் கால்களை வலிந்து முடுக்கினால், அதிர்வு தாளாமல் கால்கள் பற்றவைத்த இடத்தில் தொட்டி விரிசலடையும். வார்ப்பட்டைக்கு இரும்பு வலையாலான காப்பு இன்றியமையாதது. தறிக்கூடத்தில் பெண்களும் வேலை செய்கிறார்கள். சேலைத் தலைப்போ, வேட்டி நுனியோ பட்டையில் சிக்கினால் நிறுத்துவதற்குள் கேடு விளைந்துவிடும். அழுத்தம் குறைந்ததும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும் என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, எடுத்துச் சொல்ல வேண்டும். பழுதுபார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துக் காற்றையும் முழுவதும் வெளியேற்றுதல் வேண்டும்.

மின் இணைப்பு

5 குதிரைத்திறன் மோட்டாருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். ஓடத் தொடங்கும் கணத்தில் அது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆதலால் தக்க ஸ்டார்ட்டரும், ஒரு முனை மின்சாரம் நின்றுபோனால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவியும், நல்ல நில இணைப்பும் தேவை. வீட்டுக்கென அல்லது பாசனத்துக்கெனப் பெற்ற இணைப்பில் இதனை ஓட்டாமல், மின்வாரிய அலுவலகத்தில் உரிய இணைப்பைக் கேட்டுப் பெறுக. இணைப்புக் கொடுத்தவுடன் சக்கரம் அம்புக்குறி காட்டும் திசையில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு கம்பிகள் இடம் மாறினாலே திசை மாறிவிடும். அப்போது சக்கரத்தின் காற்று உருளையைக் குளிர்விக்காது; இயந்திரம் சூடேறிக் கெடும்.

குழாய்

காற்றைக் கொண்டுசெல்ல பி.வி.சி. குழாய் உதவாது. நீருக்கு நெடுநாள் உழைக்கும் அக்குழாய், அழுத்தக் காற்றால் உடையும்போது கண்ணாடிச் சில்லுகளைப் போல் சிதறிப் பாயும். துத்தநாகப் பூச்சிட்ட ஜி.ஐ. குழாயே ஏற்றது. தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே வளையும் ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை இணைத்தால் அதிர்வு குழாய்க்குப் பரவாது. குழாய் வரிசை, 100 அடிக்கு ஓரடி சரிவுடன் ஒரு மூலையை நோக்கி இறங்கி, அங்கே நீர் வடியும் திருகு இருக்கட்டும். கிளைக்குழாய்களைப் பிரதானக் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல் மேற்புறத்திலிருந்து வளைத்து எடுத்தால், நீர் துணியின்மீது தெறித்துக் கறைபடுத்தாது.

தினமும் வடிக்க வேண்டிய நீர்

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் காற்றிலேயே அது கலந்திருக்கிறது. காற்றை ஒடுக்கிக் குளிரச் செய்யும்போது அந்த ஈரம் நீராகப் பிரிகிறது. ஈரம் மிகுந்த மழைக்கால நாளொன்றில், மேற்கூறிய இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் சேரும். அதை வடிக்காமல் விட்டால் தொட்டியின் அடிப்பகுதியை உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே வண்ணம் புதிதாகப் பளபளக்கும். உள்ளே தகடு நாளுக்கு நாள் மெலியும். தொட்டிகள் வெடிப்பதற்கு முக்கியமான காரணங்களுள் இது ஒன்று. மாலையில் வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறவாத குடும்பம் இதனையும் மறவாது.

தொட்டியின் உயிர்க்காப்பு, அளவு மீறிய காற்றை வெளிவிடும் காப்பு வால்வு. மாதம் ஒருமுறை அதன் வளையத்தை இழுத்து, காற்று சீறி வெளிவருவதைப் பார்க்க வேண்டும். அது ஓயாமல் கசிகிறதென்று அடைத்து வைப்பவர் தம் வீட்டுக்கே தீங்கு தேடுகிறார். மாற்ற வேண்டுமானால் தொட்டிக்குரிய அழுத்தத்துக்கே உரிய புதிய வால்வை வாங்கிப் பொருத்துக.

பஞ்சும் உடம்பும்

தறியை ஊதிச் சுத்தம் செய்யும்போது பஞ்சுத் தூசி கூடமெங்கும் பரவுகிறது. பருத்தித் தூசியை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் தரும் பிசினோசிஸ் என்னும் நோய் வரக்கூடும். ஆகவே முதலில் தூரிகையால் பஞ்சைத் தள்ளி எடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் ஊதுக. ஊதும்போது தறிகளை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்யும் குழலில் அழுத்தம் 2 கிலோவுக்கு மேற்படாமல் குறைப்பான் பொருத்துக. சட்டையிலுள்ள பஞ்சை ஊதிக்கொள்வதும், விளையாட்டாக ஒருவர் மேல் மற்றவர் ஊதுவதும் கூடவே கூடாது. அழுத்தக் காற்று கண்ணைப் பறிக்கும். காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்தால் உயிரையும் பறிக்கும்.

கசியும் பணம்

7 கிலோ அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை நிமிடத்திற்குச் சுமார் 2½ கன அடி காற்றை வீணாக்கும். நம் இயந்திரம் தரும் 16 கன அடியில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. துளை 3 மில்லிமீட்டரானால் அந்த இயந்திரத்தின் முழு உழைப்பும் அதற்கே போதாது. 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொள்வதை எண்ணினால், மூட்டுகளில் கேட்கும் ‘உஸ்’ என்ற ஓசை நம் பணம் கசியும் ஓசையென்பது விளங்கும். சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும்.

இயந்திரத்தின் நலம் அறிய இன்னொரு சோதனை உண்டு. புதிதாக வந்த நாளிலேயே, காலியான தொட்டி 8 கிலோ அழுத்தத்தை எட்ட எவ்வளவு நேரமாகிறதென்று பார்த்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். நாம் சொன்ன இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் அது ஐந்து முதல் ஆறு நிமிடமாகும். ஆறு மாதத்துக்கொரு முறை மீண்டும் பார்த்து, அது எட்டு நிமிடமாகியிருந்தால், வால்வுகளோ வளையங்களோ தேய்ந்துவிட்டன என்று அறியலாம்.

ஒருவரால் ஆகாதது

தொழிற்சாலைகளில் அழுத்தத் தொட்டிகளைப் பாதுகாப்பதற்கென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தனிப்பிரிவு வகுத்தது. ஆனால் நான்கு தறி ஓடும் வீட்டுக் கொட்டகையின் வாசலுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. நம் பாதுகாப்புக்கு நாமே பொறுப்பாளிகள். தொட்டியை நீரால் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 8 கிலோவுக்கு 12 கிலோ, ஏற்றிப் பார்ப்பதே முறையான சோதனை. காற்றைப் போல் நீர் விரிந்து பாயாதாகையால், தொட்டி விரிசல்விட்டாலும் கசிவோடு நிற்கும். காற்றை ஏற்றிச் சோதிப்பது பேராபத்து.

இச்சோதனையை அறிந்த தொழில் வல்லுநரைத் தனியொருவர் அழைத்தால் செலவு பளுவாகத் தோன்றும். ஒரே தெருவில் பத்துக் கொட்டகைகள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் அது ஆளுக்குச் சிறு தொகையாகிவிடும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கம்ப்ரசர் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தம் தொட்டிகளின் வயதையும் தகட்டு விவரத்தையும் எழுதிக்கொண்டு வருவார்களானால், அந்த நாளைக் குறிப்பது எளிது. தகட்டைத் தேடும்போதே, அடித்திருகையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.