இயற்பியல் பட்டம் பெற என்ன வேண்டும்? கல்வராயன் மலையிலிருந்து ஒரு கணக்கு

இளநிலை இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்வதற்கான தகுதி, கல்லூரிக் கையேடுகளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: மேல்நிலைத் தேர்வில் இயற்பியலையும் கணிதத்தையும் பாடங்களாகப் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெறுவதற்கான தகுதிக்கு இன்னும் ஒரு வரி: மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள், 140 மதிப்பலகுகள். இந்த வரிகளில் சாதி இல்லை, இருப்பிடமும் இல்லை. ஆயினும், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைச்சிற்றூரில் வாழும் மலையாளிப் பழங்குடி மாணவியும், நகரத்துத் தனியார் பள்ளியில் படித்த மாணவரும் இவ்விதிகளை எதிர்கொள்ளும் நிலை ஒன்றல்ல.

ஒவ்வொரு தகுதி விதியும் மாணவரிடம் ஒன்றைக் கேட்கிறது. அதை நிறைவேற்றும் வாய்ப்பை உருவாக்கித் தரும் கடமையை அரசின்மீதும் சுமத்துகிறது. முதல் பாதியை மட்டுமே கையேடுகள் அச்சிடுகின்றன. இரண்டாம் பாதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

பதினோராம் வகுப்பில் மூடப்படும் கதவு

இயற்பியல் பட்டத்தின் முதல் நுழைவாயில் கல்லூரியில் இல்லை. பதினோராம் வகுப்பில் இருக்கிறது. அங்கே கலைப்பிரிவையோ தொழிற்பிரிவையோ தேர்ந்தெடுத்த மாணவர் பின்னர் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் இயற்பியல் வகுப்புக்குள் நுழைய இயலாது. பதினைந்து வயதில் எடுக்கப்படும் இம்முடிவைத் 'தேர்வு' என்று அழைக்கிறோம். அருகிலுள்ள பள்ளியில் அறிவியல் பிரிவே இல்லையென்றால், அல்லது பிரிவு இருந்தும் இயற்பியல், கணித முதுநிலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், அது தேர்வு அல்ல, விலக்கல்.

மேல்நிலை இயற்பியலின் 100 மதிப்பெண்களில் 70 எழுத்துத் தேர்வுக்கும், 20 செய்முறைக்கும், 10 அகமதிப்பீட்டுக்கும் உரியவை. ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் பள்ளியிலும் செய்முறை மதிப்பெண் எப்படியோ பதிவாகிவிடும். ஆனால் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தறியாத மாணவர், கல்லூரியின் முதல் பருவ ஆய்வகத்தில் தடுமாறுவார். அத்தடுமாற்றத்திற்கு 'தகுதிக் குறைவு' என்று பெயர் சூட்டப்படும். குறை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

கல்வராயன் மலையில் இக்கேள்விக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும், 1976 வரை, இம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதற்குப் பிறகே, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலைக்கும் மருத்துவத்திற்குமே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்த நிலத்தில், இயற்பியல் ஆய்வகம் தானாக வந்து சேரும் என எதிர்பார்க்க இயலாது. கேட்டுப் பெற வேண்டும்.

சான்றிதழ் என்னும் தேர்வு

அடுத்த தகுதி சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலரும் சான்று வழங்குகின்றனர். பழங்குடி மாணவரின் கோப்பு ஒரு படி கூடுதலாக ஏற வேண்டியிருப்பதால் தாமதமும் கூடுகிறது.

இங்கே ஒரு சட்டக் குறிப்பை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி வெளியிடப்பட்ட பட்டியலில் மலையாளி இனம் தமிழ்நாடு முழுமைக்கும் பழங்குடியாக அறிவிக்கப்படவில்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் இன்றுவரை போராடுவது இதனால்தான். கள்ளக்குறிச்சியின் பெயர் அப்பட்டியலில் இல்லையே என்று ஓர் அலுவலர் கேட்டால், விடை எளிது. 1993இல் தென் ஆர்க்காடு பிரிந்து விழுப்புரம் உருவானது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் மட்டுமே மாற்றக்கூடிய பட்டியலை, மாவட்ட எல்லையை மாற்றும் மாநில ஆணை சுருக்கிவிட முடியாது. மேல்நிலைத் தேர்வு முடிவு வந்தபின் சான்றுக்கு அலைவதைத் தவிர்த்து, பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

இடங்களின் கணக்கு

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர இணையவழியில் ஒரே விண்ணப்பம் போதும். அதிலேயே பல கல்லூரிகளைத் தெரிவு செய்யலாம். மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசை தயாராகிறது.

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18. இந்த 18க்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. ஓர் இயற்பியல் வகுப்பில் 48 இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். பட்டியல் சாதியினரின் பங்கு 8.64, பழங்குடியினரின் பங்கு 0.48. ஒரு முழு இடம்கூட இல்லை. மாநில அளவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் 1.1 விழுக்காட்டுக்கு இது பொருந்துவதுபோல் தோன்றலாம். ஆனால் பழங்குடி மக்கள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவி வாழவில்லை. மலைகளில் செறிந்து வாழ்கின்றனர். மலையடிவாரக் கல்லூரிக்கும் மாநில சராசரியே அளவுகோல் என்றால், அந்த அளவுகோல் மலையைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

ஆகவே இரண்டு கேள்விகளைக் கல்லூரியிடம் கேட்க வேண்டும். பின்ன இடங்கள் எவ்வாறு முழுமையாக்கப்பட்டன? பொதுப்போட்டிக்குரிய 31 விழுக்காட்டில் தம் மதிப்பெண்ணால் இடம் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டார்களா? பொதுப்பட்டியல் எவருக்கும் உரிய தனிப்பட்டியல் அன்று. அது அனைவருக்கும் திறந்தது.

140 மதிப்பலகுகளின் பொருள்

2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பின் கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பின்கீழ் வந்தன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் இளநிலைப் பட்டத்திற்கு 140 மதிப்பலகுகளை வகுத்துள்ளது. முதல் பகுதியான தமிழுக்கு 12, இரண்டாம் பகுதியான ஆங்கிலத்திற்கு 12, முதன்மைப் பாடங்களும் துணைப்பாடங்களும் அடங்கிய மூன்றாம் பகுதிக்கு 92, திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல் கல்வி போன்றவற்றுக்கு 23, விரிவாக்கப் பணிக்கு 1.

மூன்றாம் பகுதிதான் இயற்பியல். பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், விசையியல், ஒளியியல், மின்காந்தவியல், அணுக்கரு இயற்பியல், குவாண்டம் விசையியல், திண்மநிலை, மின்னணுவியல் எனப் படிப்படியாக ஏறும் பாடங்கள் அவை. துணைப்பாடமாகக் கணிதம் உடன் வரும். வகையீடும் தொகையீடும் கைவராதவருக்கு மின்காந்தவியல் புரியாது. பள்ளியில் கணித ஆசிரியர் இல்லாத இரண்டு ஆண்டுகள், கல்லூரியில் நிலுவைத் தாள்களாக வட்டியுடன் திரும்பி வருவது இவ்வாறுதான். முதல் பருவத்திலேயே இணைப்புப் பயிற்சி வகுப்புகளைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. பள்ளிக்கல்வியில் அரசு வைத்த நிலுவையைத் திருப்பிக் கேட்பதாகும்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்பது மற்றொரு விதி. மழைக்காலத்தில் மலைச்சாலை துண்டிக்கப்பட்டால், காலைப் பேருந்து வராவிட்டால், விதியை மீறியவர் யார்? விடுதி இடம் கிடைக்காத மலை மாணவருக்கு வருகைப்பதிவு விதி என்பது போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையே. ஆகவே ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில் இடம் கோரும் விண்ணப்பத்தைச் சேர்க்கை நாளன்றே அளிக்க வேண்டும்.

கட்டணமும் மொழியும்

அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. 11.9.2012 நாளிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்க வழிசெய்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஒன்றைப் பெறுவதால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் நிலுவை என்று கூறி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தடை செய்துவிட்டது.

பயிற்றுமொழியும் சிந்திக்க வேண்டியது. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது. பள்ளிக்கல்வியும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். மலைப்பள்ளி மாணவர்களிடம் இத்தகுதியின் முதல் பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலவழி வகுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் எதை இழக்கிறோம் என்பதை அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

கையேட்டில் இல்லாத தகுதி

விண்மீன்களின் ஒளிக்கு 1920இல் சமன்பாடு கண்ட மேகநாத் சாகா, தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர். கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது விடுதியில் மற்றவர்களோடு அமர்ந்து உண்ண அனுமதிக்கப்படாதவர். அவர் கடக்க வேண்டியிருந்த தடை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அத்தகைய தடைகளுக்காகவே, சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் ஒவ்வொரு கல்லூரியும் அமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வகுத்தன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர் அமைப்புகள் உடனடியாகச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கல்வராயன் மலையிலுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியைப் பற்றியும் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: அறிவியல் பிரிவு உண்டா? இயற்பியல், கணித ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி? ஆய்வகக் கருவிகளின் இருப்புப் பதிவேடு எங்கே? கடந்த ஐந்தாண்டுகளில் அப்பிரிவில் எத்தனை மாணவர்கள் தேர்ச்சி பெற்றனர்? முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டியது சட்டக் கடமை. கிடைக்கும் பதிலே அடுத்த மனுவின் அடிப்படை.

மலையில் இயற்பியல் ஆசிரியர் இல்லாததால் இயற்பியல் படித்தவர் உருவாகவில்லை; படித்தவர் உருவாகாததால் மலைக்கு வர விரும்பும் ஆசிரியரும் இல்லை. ஒரு மாணவி 140 மதிப்பலகுகளையும் கடந்து, கல்வியியல் பட்டமும் பெற்று வெள்ளிமலைக்குத் திரும்பினால் இச்சுழற்சி அறுபடும். அவளிடம் தகுதி கேட்க அரசுக்கு உரிமை உண்டு. அவளுக்கு முன்பாகத் தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியது அரசே.